ஒரே கேள்வியை ஆயிரம் பேர் கேட்கும்போது

இணையத்தில் நாம் தினந்தோறும் படிக்கிற பக்கங்களில் பெரும்பாலானவை நாம் கேட்ட பிறகே உருப்பெறுகின்றன என்பதைச் சாதாரண வாசகர் பலர் யோசித்துப் பார்த்திருக்க மாட்டார்கள். ஒரு செய்தித்தளத்தையோ, கடைத்தளத்தையோ, கலைக்களஞ்சியத்தையோ கைப்பேசியில் திறந்தவுடன் அந்த வேண்டுகோள் தொலைதூரத்திலுள்ள ஒரு சர்வரைச் சென்றடைகிறது; அங்கே இயங்கும் நிரல், தலைப்பு என்ன, எழுதியவர் யார், கடைசியாகத் திருத்தப்பட்டது எப்போது, இதனோடு சம்பந்தப்பட்ட வேறு விஷயங்கள் எவை என்று தரவுத்தளத்தை நோக்கி வரிசையாக வினவல்களை விடுக்கிறது; கிடைத்த விடைகளையெல்லாம் கோத்து ஒரு பக்கமாக்கி நமக்கு அனுப்பி வைக்கிறது. ஒரு பக்கத்துக்குப் பத்து வினவல்களும் இருக்கலாம், நூறும் இருக்கலாம். இவ்வளவும் கண் இமைக்கும் நேரத்துக்குள் முடிந்துவிட வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கிறோம். அந்த எதிர்பார்ப்பு நிறைவேறுகிற விதத்தில் மனித புத்தியின் அழகான ஒரு யுக்தியும், அந்த யுக்தியை விட்டுப் பிரியாத ஒரு சங்கடமும் சேர்ந்தே இருக்கின்றன. இரண்டையும் பொறுமையோடு பார்ப்பது இக்கட்டுரையின் உத்தேசம்.

தரவுத்தளம் தாமதிப்பதற்கு ஆதியில் காரணமாக இருந்தது சுழலும் வட்டு. நிமிடத்துக்கு 7,200 முறை சுழல்கிற ஒரு வட்டு, ஒரு சுற்றை முடிக்க 8 மில்லி விநாடிக்குச் சற்று அதிகமாக எடுத்துக்கொள்கிறது. நமக்கு வேண்டிய தகவல் வாசிக்கும் முனையின் கீழே வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். அதற்கு முன் அந்த முனை சரியான தடத்துக்கு நகர வேண்டும். இவ்விரண்டும் சேர்ந்து ஒரு முறை எடுத்துத் தருவதற்கு ஏறக்குறைய 10 மில்லி விநாடியாகிவிடும். அதாவது ஒரு வட்டு நொடிக்கு நூறு முறைதான் தேடித் தர முடியும். கணினியின் நினைவகமோ 100 நானோ விநாடி அளவில் விடை தருகிறது. வட்டோடு ஒப்பிட்டால் இது ஒரு லட்சம் மடங்கு வேகம். இப்போது பரவலாகிவிட்ட, சுழலும் பாகமே இல்லாத எஸ்.எஸ்.டி. சாதனங்கள் இந்தப் பள்ளத்தைப் பெருமளவு நிரப்பியிருக்கின்றன என்பது உண்மை. ஆயினும் அவையும் 100 மைக்ரோ விநாடி அளவிலேயே விடையளிப்பதால், நினைவகத்துக்கும் அவற்றுக்கும் இடையே இன்னும் ஆயிரம் மடங்கு வேற்றுமை இருக்கிறது. மேலும் தாமதம் முழுவதையும் வட்டின் தலையில் கட்டிவிடவும் முடியாது. லட்சக்கணக்கான வரிசைகளைத் திரட்டி, வேறொரு பட்டியலோடு இணைத்து, தரம் பிரித்து, கூட்டிச் சொல்ல வேண்டிய வினவல், தகவல் எல்லாம் நினைவகத்திலேயே இருந்தாலும் சிரமப்பட்டுத்தான் விடை சொல்லும்.

ஒரு தாலுகா கச்சேரியை மனத்தில் கொள்வோம். பட்டா நகல் கேட்டு வருகிறவர்களுக்காகக் குமாஸ்தா ஒவ்வொரு முறையும் எழுந்து, பின்கட்டிலுள்ள ரிக்கார்டு ரூமுக்குப் போய், தூசு படிந்த கட்டுகளை அவிழ்த்து, உரிய தஸ்தாவேஜைக் கண்டெடுத்து வருகிறார். ஏதோ ஒரு வழக்கின் காரணமாக ஒரே சர்வே எண்ணைப் பற்றி நாள் முழுவதும் பலர் கேட்டு வந்தால், அனுபவமுள்ள குமாஸ்தா அதன் நகல் ஒன்றை மேஜை அறையில் வைத்துக்கொண்டு, அடுத்து வருகிறவருக்கு உட்கார்ந்த இடத்திலிருந்தே எடுத்துக் கொடுத்துவிடுவார். கணினித் தொழிலில் கேச் என்று சொல்லப்படுவது சாராம்சத்தில் இந்த மேஜை அறைதான். பாடுபட்டுக் கண்டுபிடித்த விடையைக் கைக்கெட்டிய இடத்தில் வைத்துக்கொள்வதும், அதே கேள்வி மறுபடி வந்தால் பாடுபடாமல் அந்த விடையையே தருவதும் அதன் வேலை. அந்த நிலம் நடுப்பகலில் கைமாறி, பட்டா புதிய பெயருக்கு மாற்றப்பட்டுவிட்டால் மேஜை அறையிலுள்ள நகல் அக்கணமே பொய்யாகிவிடுகிறது. பொய்யாகிவிட்டது என்பது அந்த நகலுக்குத் தெரியாது. இந்தத் துறையின் துன்பங்கள் யாவும் இங்கிருந்தே பிறக்கின்றன.

அவற்றுக்குள் புகுமுன், கேச்சை நாடுவதற்கு முன்பே செய்தாக வேண்டிய ஒரு காரியத்தைச் சொல்லிவிட வேண்டும். அநேகர் இதை அலட்சியம் செய்வதைக் காணும்போது உண்மையாகவே வருத்தம் உண்டாகிறது. தளம் மெதுவாக இருக்கிறது என்ற புகார் எழுந்தவுடன் கேச் ஒன்றை நிறுவிவிடலாம் என்று பாய்வதற்கு முன், அந்த வினவல் ஏன் தாமதிக்கிறது என்று தரவுத்தளத்தையே கேட்டுப் பார்க்கலாம். தான் ஒரு வினவலுக்கு எந்த வழியில் விடை தேடப் போகிறது என்பதை விவரிக்கும் வசதி எல்லா நல்ல தரவுத்தளங்களிலும் உண்டு. பத்து லட்சம் வரிசைகள் உள்ள ஒரு பட்டியலில், எது எங்கே இருக்கிறது என்று காட்டும் இண்டெக்ஸ் இல்லாமல் ஒரு பெயரைத் தேடினால், முதல் வரிசையிலிருந்து கடைசி வரிசை வரை ஒவ்வொன்றாகப் பார்க்கும்படி நேரிடலாம். ருடால்ஃப் பேயரும் எட்வர்ட் மெக்கிரைட்டும் 1972-ல் வெளியிட்ட பி-ட்ரீ என்ற அமைப்பில் இண்டெக்ஸை வைத்தால், ஒவ்வொரு பக்கத்திலும் நூறு கிளை என்று கணக்கிட்டாலும், மூன்றே படிகளில் பத்து லட்சத்தில் ஒன்றை அடைந்துவிடலாம். அதே போல, ஐம்பது கட்டுரைகளின் பட்டியலை ஒரு வினவலில் வாங்கிவிட்டு, ஒவ்வொரு கட்டுரையின் ஆசிரியர் பெயரையும் தனித்தனியே ஐம்பது வினவல்களில் கேட்கிற நிரல்கள் ஏராளமாக உள்ளன. இரண்டே வினவல்களில் முடிய வேண்டிய வேலை அது. இத்தகைய குறைகளின் மேல் கேச்சைப் போர்த்தினால் குறை மறையுமே தவிர நீங்காது. கேச் காலியாகிற ஒரு நாளில் அது முழு உக்கிரத்தோடு வெளிப்படும்.

எதை நினைவகத்தில் வைத்துக்கொள்வது தகும் என்பதற்கு ஒரு காலத்தில் சுத்தமான பணக் கணக்கே போட்டுக் காட்டப்பட்டது. டாண்டம் என்ற அமெரிக்கக் கணினி நிறுவனத்தில் பணியாற்றிய ஜிம் கிரேயும் ஃபிராங்கோ புட்சோலுவும் 1987-ல் வெளியிட்ட ஆராய்ச்சிக் கட்டுரை அது. நொடிக்கு ஒரு முறை வட்டை அணுகும் வசதிக்கு, வட்டின் விலையும் அதை இயக்கும் செயலியின் விலையும் சேர்ந்து அன்று ஏறக்குறைய 2,000 டாலர் ஆயிற்று. ஒரு மெகாபைட் நினைவகம் 5,000 டாலர், ஆகவே ஒரு கிலோபைட்டின் விலை 5 டாலர். ஒரு கிலோபைட் அளவுள்ள தகவலை நொடிக்கு ஒரு முறை கேட்கிறார்கள் என்றால், 5 டாலர் செலவழித்து 2,000 டாலரை மிச்சப்படுத்தலாம். எவ்வளவு அரிதாகக் கேட்டால் இந்த லாபம் மறையும்? 2,000-ஐ 5-ஆல் வகுத்தால் 400 வருகிறது. எனவே 400 விநாடிக்கு ஒரு முறையாவது கேட்கப்படுகிற தகவலை நினைவகத்தில் வைப்பதே சிக்கனம் என்று நிர்ணயித்து, அதற்கு ஐந்து நிமிட விதி என்று பெயரிட்டார்கள். விலைகள் பிறகு தலைகீழாக மாறிவிட்டன; ஆனால் அந்த யோசனை இன்றும் உயிரோடு இருக்கிறது. வேகத்தைப் பற்றிய விவாதம் எத்தனை முறை கேட்கப்படுகிறது என்ற எண்ணிக்கையிலிருந்து தொடங்க வேண்டும் என்பதை இவ்வளவு சுருக்கமாகக் காட்டிய வேறொரு கட்டுரையை நான் அறியேன்.

வலைத்தளங்களின் உலகத்துக்கு இந்த யுக்தி பெரிய அளவில் வந்து சேர்ந்த வரலாறு சுவையானது. அமெரிக்காவில் பிராட் ஃபிட்ஸ்பாட்ரிக் என்ற இளைஞர் 1999-ல் லைவ்ஜர்னல் என்ற தளத்தைத் தொடங்கினார். மக்கள் தங்கள் நாட்குறிப்பை எழுதவும், நண்பர்களுடைய குறிப்புகளைப் படிக்கவும் ஏற்பட்ட தளம் அது. அங்கே ஒவ்வொரு வாசகருக்கும் நண்பர்கள் வேறு, அவர்களுடைய குறிப்புகளில் அவர் பார்க்க அனுமதியுள்ளவை வேறு. ஆகவே ஒருவருக்காகத் தயாரித்த பக்கத்தை அப்படியே வைத்திருந்து மற்றொருவருக்குக் கொடுப்பதற்கில்லை. முழுப் பக்கத்துக்குப் பதிலாக, பக்கம் எந்தச் சிறு துண்டுகளால் ஆனதோ அந்தத் துண்டுகளை, ஒரு குறிப்பு, ஒரு பயனர் விவரம், ஒரு நண்பர் பட்டியல் என்று, தனித்தனியே வைத்துக்கொள்வதுதான் வழி என்று அவர் கண்டார். பல சர்வர்களில் பயன்படாமல் கிடந்த நினைவகத்தையெல்லாம் ஒன்றாகத் திரட்டி ஒரே பெரிய கேச்சாக நடத்துவதற்கு 2003-ல் அவர் எழுதிய நிரலின் பெயர் மெம்கேச்டி. முதலில் பெர்ல் மொழியில் எழுதப்பட்டு, பிறகு சி மொழியில் திருப்பி எழுதப்பட்ட அந்நிரலை யாவரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று பொதுவில் வைத்தார்கள். இந்த யுகத்தின் மிகப் பெரிய தளங்கள் பல அந்தத் தாராளத்தினால் வளர்ந்தவை.

அதன் அமைப்பில் என்னைக் கவர்வது அதன் எளிமை. ஒவ்வொரு தகவலுக்கும் ஒரு சாவி உண்டு. பயனர் எண் 1205-இன் விவரம் என்பது போன்ற ஒரு சிறு பெயர் அது. அந்தப் பெயரைக் கணக்கிட்டு ஓர் எண்ணாக்கி, எந்த சர்வரில் அது இருக்க வேண்டும் என்பதைக் கேட்கிற நிரலே தீர்மானித்துவிடுகிறது. கேச் சர்வர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதே இல்லை. விடை கேச்சில் இருந்தால் உடனே எடுத்துக்கொள்கிறது. இல்லாவிட்டால் தரவுத்தளத்திடம் போய், வாங்கி வந்த விடையைக் கேச்சிலும் ஒரு பிரதி வைத்துவிட்டுத் தன் வேலையைத் தொடர்கிறது. இடம் நிரம்பிவிட்டால் எதை வெளியேற்றுவது? ஐ.பி.எம்.மைச் சேர்ந்த லாஸ்லோ பெலாடி 1966-ல் எழுதிய ஆராய்ச்சியின்படி, இனி மிக நீண்ட காலத்துக்குப் பிறகே தேவைப்படப்போவதை வெளியேற்றுவதே உத்தமம். வருங்காலத்தை எந்தக் கணினியும் அறியாதாகையால், நீண்ட நேரமாக யாரும் தொடாததை வெளியேற்றித் திருப்தியடைகிறார்கள். நடைமுறையில் அது வியக்கத்தக்க அளவுக்கு நன்றாகவே பலிக்கிறது.

லைவ்ஜர்னலின் கேச்சில் கேட்டதில் ஏறக்குறைய 92 சதவீதம் கிடைத்துவிடுகிறது என்று 2004-ல் ஃபிட்ஸ்பாட்ரிக் எழுதினார். இந்தச் சதவீதத்தைப் படிக்கிற முறையில் ஒரு நுட்பம் இருக்கிறது. தரவுத்தளத்தின் கண்ணோட்டத்தில் முக்கியமானது கேச்சில் கிடைத்த 92 அல்ல, கிடைக்காமல் தன்னிடம் வந்து சேர்கிற 8 தான். 92 என்பது 96 ஆனால், பார்வைக்கு நாலு சதவீத முன்னேற்றமாகத் தோன்றினாலும், தரவுத்தளத்தின் சுமை பாதியாகக் குறைந்துவிடுகிறது. அதே 92 என்பது 84 ஆகச் சரிந்தால் சுமை இரண்டு மடங்காகிறது. கேச் நன்றாக வேலை செய்யச் செய்ய, அதன் சிறிய தளர்ச்சியும் பின்னாலுள்ள தரவுத்தளத்தைப் பெரிதாக உலுக்கும்.

இனிச் சங்கடத்துக்கு வருவோம். மூலத்தில் தகவல் மாறியவுடன் பிரதியை என்ன செய்வது? மிகச் சுலபமான வழி, ஒவ்வொரு பிரதிக்கும் ஓர் ஆயுளை நிர்ணயித்துவிடுவது: அறுபது விநாடி கழித்து இது தானே மறையட்டும் என்பது. இதில் அதிகபட்சம் ஒரு நிமிடம் வரை பழைய விடை போகும், அவ்வளவுதான். இரண்டாவது வழி, மூலத்தைத் திருத்துகிற நிரலே உடனடியாகப் பிரதியையும் அழித்துவிடுவது. கேட்பதற்கு எளிதாக இருக்கிற இந்த இரண்டாவது வழியில் எதிர்பாராத கண்ணி ஒன்று உண்டு. ஒரு சர்வர் கேச்சில் விடை காணாமல் தரவுத்தளத்திலிருந்து பழைய மதிப்பை வாசித்துவிட்டு, அதைக் கேச்சில் எழுதுவதற்கு முன் ஏதோ காரணத்தால் அரை விநாடி தாமதிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த இடைவெளியில் வேறொரு சர்வர் தரவுத்தளத்தைத் திருத்தி, கேச்சிலுள்ள பிரதியையும் ஒழுங்காக அழித்துவிட்டுப் போய்விடுகிறது. அதன் பிறகு தாமதித்த முதல் சர்வர் தன் கையிலிருந்த பழைய மதிப்பைக் கேச்சில் எழுதிவிடுகிறது. இருவரும் தத்தம் கடமையைச் சரியாகச் செய்திருக்கிறார்கள். ஆயினும் பொய் நிலைபெற்றுவிட்டது, அதுவும் அடுத்த திருத்தம் வரும் வரை. சோதனையில் ஒருபோதும் தலைகாட்டாமல், கூட்டம் மிகுந்த நாளில் மட்டும் எங்கோ ஒருவருக்குத் தவறான விவரத்தைக் காட்டுகிற இத்தகைய பிழையைக் கண்டுபிடிக்க நிபுணர்களும் தத்தளிப்பார்கள்.

தரவுத்தளமே இந்தப் பொறுப்பை ஏற்றுக்கொண்டால் என்ன என்ற கேள்வி இயல்பாக எழும். மைஎஸ்க்யூஎல் என்ற புகழ்பெற்ற தரவுத்தளம் தன் நான்காம் பதிப்பிலிருந்து வினவல்களின் விடைகளைத் தானே வைத்திருந்து தந்துவந்தது. ஆனால் அந்த ஏற்பாடு உண்மை வழுவாமலிருக்க மிகக் கடுமையான விதியை மேற்கொண்டிருந்தது: ஒரு பட்டியலில் ஒரே ஒரு வரிசை மாறினாலும், அந்தப் பட்டியலைத் தொட்ட அத்தனை வினவல்களின் விடைகளும் அழிக்கப்படும். வினவலின் வாசகத்தில் ஓர் இடைவெளி கூடினாலும் அது புதிய வினவலாகவே கருதப்படும். ஒரு சர்வரில் பல செயலிகள் ஒரே நேரத்தில் வேலை செய்யத் தொடங்கிய காலத்தில், அவை யாவும் இந்தக் கேச்சின் ஒற்றைப் பூட்டுக்காகக் காத்து நிற்கும்படி ஆயிற்று. வேகம் தர வந்த சாதனமே தடையாகிவிட்டது. 2017-ல் அது கைவிடப்படும் என்று அறிவித்து, 2018-ல் வந்த எட்டாம் பதிப்பில் அதை அடியோடு நீக்கிவிட்டார்கள். அந்தத் தீர்மானம் நியாயமானது என்பதே என் அபிப்பிராயம். எந்தத் தகவல் சற்றுப் பழையதாக இருக்கலாம், எது கணமும் பிசகக் கூடாது என்பது அந்தத் தகவலின் பொருளை அறிந்தவருக்கே தெரியும். வரிசைகளையும் பட்டியல்களையும் மட்டும் அறிந்த தரவுத்தளத்துக்கு அது தெரிவதற்கில்லை.

உலகம் முழுவதும் பயன்படுத்துகிற ஒரு தளத்தில் இவையெல்லாம் எப்படி நடக்கின்றன என்பதை விக்கிப்பீடியாவில் பார்க்கலாம். அதன் கட்டுரைகள் விக்கி நடை என்னும் குறியீட்டு வடிவத்தில் எழுதப்பட்டிருக்கின்றன. வாசகர் காணும் பக்கமாக அதை மாற்றுவது சாமானிய வேலையன்று. பல கட்டுரைகளுக்குப் பொதுவாக எழுதி வைத்து, கட்டுரைக்குள் அழைக்கப்படும் வார்ப்புருக்களை விரித்து, நூற்றுக்கணக்கான மேற்கோள்களை வரிசைப்படுத்தி, இணைப்பு ஒவ்வொன்றும் உயிரோடுள்ள பக்கத்துக்குத்தான் செல்கிறதா என்று தரவுத்தளத்தைக் கேட்டு முடிப்பதற்குள், பெரிய கட்டுரையானால் பல விநாடிகள் சென்றுவிடும். ஆகையால் ஒரு முறை மாற்றிய பக்கத்தைப் பத்திரப்படுத்தி வைக்கிறார்கள். பயனர் கணக்கில்லாமல் வந்து படித்துச் செல்லும் பெருங்கூட்டத்துக்கு வாசலிலேயே நிற்கும் சர்வர்கள் முழுப் பக்கத்தையும் எடுத்துக் கொடுத்து அனுப்பிவிடுகின்றன. தரவுத்தளத்துக்கு அவர்கள் வந்து போனதே தெரியாது. யாரேனும் கட்டுரையைத் திருத்திச் சேமித்தால், அந்தப் பக்கத்தின் பழைய பிரதிகள் எல்லாம் செல்லாதவையாகிவிடும். அடுத்து வரும் முதல் வாசகருக்காகப் புதிய பக்கம் தயாராகும்.

2009 ஜூன் 25 அன்று லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் பாடகர் மைக்கேல் ஜாக்சன் காலமானார். செய்தி பரவிய சில நிமிடங்களில் உலகின் எல்லாத் திசைகளிலிருந்தும் மக்கள் அவரைப் பற்றிய ஆங்கில விக்கிப்பீடியாக் கட்டுரையை நோக்கித் திரண்டனர். ஒரு மணி நேரத்துக்குள் ஏறக்குறைய பத்து லட்சம் பேர் அதை நாடினர் என்று அப்போது செய்தி வெளியாயிற்று. கூட்டம் ஒன்றே காரணமாக இருந்தால் கேச் அதை எளிதில் தாங்கியிருக்கும். ஒரே பக்கத்தை எத்தனை லட்சம் பேருக்கு வேண்டுமானாலும் கொடுப்பதுதானே அதற்கு மிக எளிய வேலை! விபரீதம் வேறு இடத்தில் இருந்தது. படிக்க வந்தவர்களோடு திருத்த வந்தவர்களும் இருந்தார்கள். மரணச் செய்தியைச் சேர்க்கவும், நேரத்தைச் சரிசெய்யவும், மேற்கோள் கொடுக்கவும் அடுத்தடுத்துத் திருத்தங்கள் குவிந்தன. ஒவ்வொரு திருத்தமும் கேச்சிலிருந்த பிரதியைச் செல்லாததாக்கியது. பிரதி மறைந்த அந்தக் கணத்தில் வந்து நின்ற வாசகர் ஒருவரல்லர், பல நூற்றுவர். அவர்கள் ஒவ்வொருவருக்காகவும் ஒவ்வொரு சர்வர், தான் ஒன்றே இந்தக் காரியத்தைச் செய்வதாக எண்ணிக்கொண்டு, மேற்கோள்கள் மிகுந்த அந்த நீண்ட கட்டுரையை ஆதியோடந்தமாக மாற்றத் தொடங்கிற்று. ஒரே விடையைக் காண்பதற்காக நூற்றுக்கணக்கான சர்வர்கள் ஒரே நேரத்தில் பாடுபட்டன. அவை முடிப்பதற்குள் அடுத்த திருத்தம் வந்துவிட்டது. பாடுபட்டதெல்லாம் வீணாகி, மறுபடியும் தொடக்கத்திலிருந்து ஆரம்பம். இந்த ஒரு கட்டுரைக்காகச் சர்வர்கள் திணறியதில் அதனோடு சம்பந்தமே இல்லாத பக்கங்களைக் கேட்டவர்களும் காத்து நிற்க நேர்ந்தது.

விக்கிப்பீடியாவின் பொறியாளர்கள் இந்த வியாதிக்கு மைக்கேல் ஜாக்சன் பிரச்சினை என்றே பெயரிட்டு, பரிகாரமாகப் பூல்கவுண்டர் என்ற ஒரு சிறு சேவையை உருவாக்கினார்கள். ஒரு பக்கத்தைத் தயாரிக்கத் தொடங்குமுன் ஒவ்வொரு சர்வரும் அதனிடம் அனுமதி கேட்க வேண்டும். முதலில் கேட்டது அனுமதி பெற்று வேலையைத் தொடங்குகிறது. பின்னால் வந்தவை, வேறொருவர் இதே வேலையில் இருக்கிறார் என்ற பதிலைப் பெற்றுச் சற்றுக் காத்திருந்து, முடிந்த பக்கத்தைக் கேச்சிலிருந்து எடுத்துக்கொள்கின்றன. காத்திருப்போர் வரிசை அளவுக்கு மிஞ்சி நீண்டுவிட்டால், இருக்கிற பழைய பிரதியையே, இது பழையது என்ற குறிப்போடு வாசகருக்குக் காட்டிவிடலாம். இந்தக் கடைசி ஏற்பாட்டைத்தான் நான் பெரிதும் மதிக்கிறேன். வெற்றுத் திரையைப் பார்த்துக்கொண்டு நிற்பதைவிட ஒரு நிமிடத்துக்கு முந்தைய கட்டுரையைப் படிப்பது வாசகருக்கு மேலானது என்பதையும், அது பழையது என்று அவரிடம் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும் என்பதையும் ஒருசேர உணர்ந்தவர்கள் செய்த முடிவு அது.

ஃபேஸ்புக் நிறுவனத்தின் பொறியாளர்கள் இதே நோய்க்கு வேறு பாதையில் மருந்து கண்டு, 2013-ல் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையாக வெளியிட்டார்கள். ஃபிட்ஸ்பாட்ரிக் தொடங்கி வைத்த அதே மெம்கேச்டியை அவர்கள் நொடிக்கு நூற்றுக்கணக்கான கோடி வேண்டுகோள்களைத் தாங்கும் அளவுக்கு வளர்த்திருந்தார்கள். கேச்சில் விடை காணாமல் திரும்புகிற சர்வருக்கு, அதை நிரப்பும் உரிமைக்கு அடையாளமாக 64 பிட் நீளமுள்ள ஒரு டோக்கனை மெம்கேச்டி தருகிறது. ஒரு சாவிக்குப் பத்து விநாடிக்கு ஒரு டோக்கன்தான். அந்த இடைவெளியில் வந்து கேட்பவர்களுக்குச் சற்றுப் பொறுத்து வரும்படி பதில் கிடைக்கிறது. பெரும்பாலும் அவர்கள் திரும்பி வரும்போது விடை தயாராக இருக்கும். கூட்டம் ஒரே சாவியின்மீது மொய்க்கும் இயல்புள்ள தகவல்களில் மட்டும் இதைச் சோதித்தபோது, தரவுத்தளத்தை எட்டிய வினவல்களின் உச்சம் நொடிக்கு 17,000 என்ற நிலையிலிருந்து 1,300-ஆகக் குறைந்தது என்று அக்கட்டுரை சொல்கிறது. இதைவிட நயமான விஷயம், முன்பு நாம் பார்த்த கண்ணியையும் இதே டோக்கன் அவிழ்த்துவிடுகிறது என்பது. மூலம் திருத்தப்பட்டுப் பிரதி அழிக்கப்படும்போது, நிலுவையிலுள்ள டோக்கனும் செல்லாமற் போகிறது. தாமதமாகப் பழைய மதிப்பை ஏந்தி வருகிற சர்வரின் எழுத்து ஏற்றுக்கொள்ளப்படுவதில்லை. இரண்டு வெவ்வேறு துன்பங்களை ஒரே சிறு யுக்தி நீக்குவதைக் காணும்போது, இலக்கியத்தில் நல்ல ஒரு செய்யுளைப் படிக்கும்போது உண்டாகிற நிறைவே உண்டாகிறது.

அதே நிறுவனம் அதற்கு மூன்றாண்டுகள் முன்பு பெற்ற அடியும் பதிவாகியிருக்கிறது. 2010 செப்டம்பர் 23 அன்று, கேச்சிலுள்ள அமைப்பு விவரங்களில் பிழை கண்டால் அதை மூலத்திலிருந்து திருத்திக்கொள்ளும்படி செய்யப்பட்டிருந்த தானியங்கி ஏற்பாடே அதன் தளத்தை ஏறக்குறைய இரண்டரை மணி நேரம் முடக்கியது. மூலத்திலேயே ஒரு தவறான மதிப்பு எழுதப்பட்டுவிட்டது. எனவே எல்லாச் சர்வர்களும் பிழையைக் கண்டு, திருத்தம் கேட்டுத் தரவுத்தளத்தின்மீது நொடிக்கு லட்சக்கணக்கான வினவல்களோடு பாய்ந்தன. அந்தச் சுமையில் தரவுத்தளம் விடை சொல்லத் தவறியபோது, அந்தத் தவறுதலையும் பிழையான மதிப்பு என்றே பொருள்கொண்டு கேச்சிலிருந்த பிரதியை அழித்தன. பிரதி இல்லாததால் மறுபடி தரவுத்தளத்திடமே போயின. மூலத்திலிருந்த தவறு திருத்தப்பட்ட பிறகும் இந்தச் சுழல் நிற்கவில்லை. கடைசியில் தளத்துக்கு வரும் போக்குவரத்து முழுவதையும் நிறுத்தி, தரவுத்தளம் மீண்ட பின் சிறிது சிறிதாக மக்களை உள்ளே விட வேண்டியதாயிற்று. கேச்சை நம்பி வளர்ந்த தளம், கேச் இல்லாமல் ஒரு நிமிடமும் நிற்க முடியாத நிலையை எய்திவிடுகிறது. ஆதலால் கேச் காலியாக இருக்கும்போது தரவுத்தளம் எவ்வளவு கூட்டத்தைத் தாங்கும் என்பதை, அமைதியான ஒரு நாளிலேயே அளந்து பார்த்து வைத்திருக்க வேண்டியது தளத்தை நடத்துகிறவர்களின் தலையாய கடமை.

எவற்றைப் பிரதியாக வைக்கலாம் என்ற கேள்விக்குப் பொறியியல் விடை அரைவாசிதான். மற்ற அரைவாசி மனிதர்களைப் பற்றியது. ஒரு கட்டுரையைப் படித்தவர் எண்ணிக்கை ஐந்து நிமிடம் பழையதாக இருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. கடைத்தளத்தில் பொருளின் வர்ணனை ஒரு மணி நேரம் பழையதாக இருக்கலாம். அதன் விலை அப்படி இருந்தால் வாங்கியவர் ஏமாற்றப்பட்டதாகவே உணர்வார், அந்த உணர்ச்சி நியாயமானதும்கூட. ரயிலில் எத்தனை இடம் காலியாக உள்ளது என்று பட்டியலில் காட்டுவதற்குச் சற்றுப் பழைய எண் போதும். ஒருவருக்கு இடத்தை ஒதுக்கும் கணத்தில் பிரதியை நம்பாமல் மூலத்தையே கேட்டாக வேண்டும், இல்லையேல் ஒரே இருக்கைக்கு இருவர் வந்து நிற்பார்கள். வங்கியிலிருந்து பணம் எடுக்கும்போது இருப்பைக் கேச்சிலிருந்து பார்த்துத் தீர்மானிப்பது அக்கிரமம். இன்னொன்று, எளிதில் மறக்கப்படுவது: தான் எழுதியதைத் தான் உடனே காண வேண்டும் என்ற எதிர்பார்ப்பு. முகவரியை மாற்றிச் சேமித்த ஒருவருக்கு அடுத்த திரையில் பழைய முகவரியையே காட்டினால், அவர் மறுபடியும் மாற்றுவார், பிறகு தொலைபேசியில் அழைப்பார், பிறகு நம்பிக்கையை இழப்பார். உலகத்திலுள்ள மற்றவர்கள் அதை ஒரு நிமிடம் கழித்துக் கண்டால் போதும். எழுதியவர் மட்டும் அக்கணமே காண வேண்டும். ஆகவே திருத்தியவரை மட்டும் சிறிது நேரத்துக்குப் பிரதிகளின் பக்கம் விடாமல் மூலத்திடமே அனுப்புவது நல்ல தளங்களின் வழக்கம்.

2003-ல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவும் இதே மென்பொருளில், இதே சர்வர்களில்தான் இயங்குகிறது. அதில் எழுதுகிற தன்னார்வலர்கள் மேற்கண்டவற்றையெல்லாம் அன்றாடம் அனுபவத்தில் காண்கிறார்கள். ஒரு கட்டுரையைத் திருத்திச் சேமித்தவருக்குத் திருத்தம் உடனே தெரிகிறது. ஆனால் ஆயிரக்கணக்கான கட்டுரைகளில் பயன்படும் ஒரு வார்ப்புருவில் ஓர் எழுத்துப்பிழையை நீக்கினால், அத்தனை கட்டுரைகளின் பிரதிகளையும் ஒரே நொடியில் அழிப்பது 2009-இன் விபரீதத்தைத் தாமே வரவழைத்துக்கொள்வதாகும். ஆகையால் அந்தக் கட்டுரைகள் ஒரு பணிவரிசையில் சேர்க்கப்பட்டு, சர்வர்களுக்கு ஒழிவு கிடைக்கக் கிடைக்க ஒவ்வொன்றாகப் புதுப்பிக்கப்படுகின்றன. சில பக்கங்களில் பழைய எழுத்துப்பிழை இன்னும் சிறிது நேரம் தென்படும். காத்திருக்க இயலாதவருக்கும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். பக்கத்தின் இணைய முகவரியோடு பர்ஜ் என்ற ஆணையைச் சேர்த்து அழைத்தால், அந்த ஒரு பக்கத்தின் பிரதி மட்டும் அழிக்கப்பட்டு, திருந்திய வார்ப்புருவோடு அது புதிதாகத் தயாராகி வருகிறது. மற்றப் பக்கங்கள் தங்கள் முறைக்காகப் பணிவரிசையில் காத்திருக்கின்றன.